முகம் பேசக்கூடாத மேசை

முப்பத்தாறு வயதில் ஓய்வு பெற்றவன் எழுதும் கட்டுரை இது. சிரிப்பவர்கள் சிரிக்கலாம். எங்கள் ஆய்வுகூடத்தில் எனக்காக வெட்டிய கேக்கில் இளைப்பாறல் வாழ்த்து எழுதியிருந்ததைப் பார்த்து நானே சிரித்தேன். வலது கண்ணின் விழித்திரை கழன்றது. ஒட்டினார்கள். மறுபடியும் கழன்றது. இடது கண்ணையும் நம்பியிருக்க வேண்டாம் என்று கண் வைத்தியர் சொல்லிவிட்டார். பார்த்துச் சொல்வதையே தொழிலாகக் கொண்டவனுக்கு அதற்குப் பிறகு அந்த மேசையில் இடமில்லை.

கேக் தின்றுகொண்டிருந்தபோது அபிஷா கேட்டாள். கனடாவில் பிறந்த பிள்ளை. என்னோடு சில வருடங்கள் வேலை செய்தவள்.

"அண்ணா, சீரியஸ்லி ஒண்டு கேக்கவா? எல்லாம் மெசின் சொல்லுது. பிறகேன் புது ஆக்களுக்கு அந்தக் கார்ட் டெஸ்ற் பழக்கோணும்? இற்ஸ் லைக்... மியூசியத்திலை வைக்கிற சாமான்."

"ஏன் எண்டு உனக்குத் தெரியும்தானே."

"எனக்குத் தெரியும். அவைக்குத் தெரியாது. நீங்கள் போனாப் பிறகு நான் சொன்னா ஆர் கேக்கப் போயினம்? எழுதித் தாங்கோ."

ஆகவே எழுதுகிறேன். நோயாளிகளைப் பற்றிய சில விவரங்களை, யாரும் அடையாளம் காணாதபடி மாற்றியிருக்கிறேன்.

நான் மன்னார்க் கடற்கரையில் பிறந்தவன். அப்பாவுக்குத் தன் பெயரை எழுத மட்டும் தெரியும். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. சிறுவனாகக் கனடாவுக்கு வந்தேன். ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில் இருந்து பள்ளிக்கூடம் போனேன், கல்லூரி போனேன், மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பம் படித்தேன், சோதனை எழுதினேன், வேலை கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் புத்தகம் தூக்கிய முதல் ஆள் நான். அதனால் எனக்குப் படித்தவர்கள் மேல் ஒரு பயம் கலந்த மரியாதை இருந்தது. டொக்டர் என்றால் எழுந்து நிற்பேன், தொலைபேசியில் பேசும்போதுகூட.

வேலை கிடைத்ததும் அம்மா கோயிலில் எல்லோருக்கும் சொன்னார், "மகன் லாப்பிலை டொக்டர்" என்று.

"அம்மா, நான் டொக்டர் இல்லை."

"இரத்தம் பாக்கிறவன் டொக்டர்தானே. என்ன வருத்தம் பாக்கிறனி?"

"இரத்தத்திலை வாற வருத்தம்."

"இரத்தத்திலை வராத வருத்தம் எதடா?"

என் மேசையில் பார்த்தது சிபிலிஸ். மேகநோய் என்றால் ஊரில் எல்லோருக்கும் விளங்கும். விளங்கும் என்பதால்தான் யாரும் அந்தச் சொல்லை வாயில் எடுப்பதில்லை. நானும் அம்மாவுக்கு முன்னால் இன்றுவரை சொன்னதில்லை.

அந்த மேசைக்கு மேலாளராக இருந்தவர் லூர்தெஸ். பிலிப்பைன்ஸில் இருந்து வந்தவர். குள்ளமானவர், கோபக்காரர், வேலை நேரத்தில் கதிரையில் உட்காராதவர். அவரோடு பேசியது எல்லாம் ஆங்கிலத்தில்; இங்கே தமிழில் தருகிறேன்.

அப்போது நாங்கள் முதலில் செய்வது அட்டைச் சோதனை. வழவழப்பான வெள்ளை அட்டை, அதில் வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் ஒருவருடைய இரத்தத்தின் மஞ்சள் நீரில் ஒரு துளி விடுவோம். அதைக் குச்சியால் வட்டம் முழுக்கப் பரப்பி, கரித்தூள் கலந்த மருந்தில் ஒரு துளி சேர்ப்போம். அட்டையை மூடிக்குள் வைத்துச் சில நிமிடம் மெல்லச் சுழல விட்டு, பிறகு கையில் எடுத்து விளக்கின் கீழ் சாய்த்துப் பார்ப்போம். நோய் இல்லாவிட்டால் வட்டம் ஒரே சாம்பல் நிறமாக, கஞ்சி போல வழுவழுப்பாக இருக்கும். இருந்தால் கரி திரண்டு கறுப்பு மணலாகும். இடையில் இருப்பவைதான் கஷ்டம்: மணலா, இல்லையா என்று கண்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு அட்டையையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும். முதல் ஆள் பார்த்து, ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கவிழ்த்து வைப்பார். பிறகு அடுத்த ஆள். அதன் பின்தான் தாள்களைத் திருப்புவோம். இது எல்லா இடத்திலும் உள்ள முறைதான். லூர்தெஸ் அதோடு ஒன்றைச் சேர்த்திருந்தார்: அட்டை பார்க்கும்போது முகம் பேசக்கூடாது. ஒருவருடைய முகத்தை அடுத்தவர் படித்துவிட்டால் இரண்டு பேர் பார்த்ததாக ஆகாது, ஒருவர் இரண்டு தரம் பார்த்ததாகத்தான் ஆகும் என்பார்.

முதல் கிழமையிலேயே என்னைப் பிடித்துவிட்டார்.

"உன் புருவம் ரிசல்ட் சொல்லுது. வெளியே போய் முகத்தைக் கழுவி வா."

கழுவி வந்தேன். மறுபடி துரத்தினார். கடைசியில் முகக்கவசம் போட்டுக்கொண்டு நின்றேன். ஏற இறங்கப் பார்த்தார்.

"கண் தெரியுது," என்றார்.

எனக்குச் சில மாதங்கள் எடுத்தன. அதற்குப் பிறகு வீட்டிலும் அந்த முகம் வந்துவிட்டது. "இவனுக்கு மீன்குழம்பு பிடிச்சிருக்கோ இல்லையோ எண்டே தெரியேல்லை" என்று அம்மா அப்பாவிடம் முறைப்பட்டார்.

பிறகு புதிய சோதனை வந்தது. மற்ற இடங்களில் முன்பே மாறியிருந்தார்கள், நாங்கள் பிந்தியவர்கள். அட்டைச் சோதனை உண்மையில் கிருமியைத் தேடுவதில்லை. கிருமி உடம்பில் செய்கிற சேதத்துக்கு எதிராக எழும் ஒரு பொருளைத்தான் தேடுகிறது. அது வேறு வருத்தங்களிலும் எழும், சிலவேளை கர்ப்பத்திலும் எழும். கிருமியையே எடுத்துச் சோதிக்கலாம் என்றால், இந்தக் கிருமியை மற்றவை போலத் தட்டில் வளர்க்க முடியாது. அந்தக் காலத்தில் முயலின் உடம்பில் வளர்த்து எடுத்தார்கள். அந்த முழுக்கிருமியில், நம் வாயிலும் குடலிலும் சும்மா வாழும் அதன் சொந்தக்காரக் கிருமிகளுக்கும் பொதுவான பகுதிகள் உண்டு. அதனாலும் பிழைகள் வந்தன.

புதிய வழி இது: சிபிலிஸ் கிருமியில், ஒரு குறிப்பிட்ட புரதத்தைச் செய்வதற்கான மரபணுவை மட்டும் எடுத்து, சாதாரணக் குடல் பக்டீரியா ஒன்றுக்குள் வைப்பார்கள். அந்தப் பக்டீரியா பெருகப் பெருக அந்தப் புரதத்தைச் செய்து தள்ளும். அதைப் பிரித்துத் தூய்மையாக்கிச் சின்னஞ்சிறு மணிகளில் ஒட்டுவார்கள். நோயாளியின் இரத்தத்தில் அந்தப் புரதத்துக்கு எதிர்ப்பொருள் இருந்தால் வந்து பற்றிக்கொள்ளும். மெசின் அதை ஒளியாக அளக்கும். கண் வேண்டாம், புருவம் வேண்டாம்.

நான் அதைப் படித்துப் பைத்தியமாகிவிட்டேன். லூர்தெஸ் அசையவில்லை.

"முயலை நான் நம்பினேன். குடல் பக்டீரியாவை நம்பச் சொல்கிறாயா?"

"புரதம் சுத்தமானது."

"விற்க வந்தவனும் அப்படித்தான் சொன்னான். அவனுடைய சப்பாத்தும் சுத்தமாக இருந்தது."

மாறுவதற்கு முன் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். ஒரே குழாயில் இருந்து அட்டைச் சோதனையும் புதிய சோதனையும் செய்வோம். வைத்தியருக்கு அட்டையின் முடிவுதான் போகும். பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே சொல்லின.

ஒருநாள் காலை ஒரு குழாயில் இரண்டும் பிரிந்து நின்றன. அட்டை 'இல்லை' என்றது. அதை நானும் லூர்தெஸும் பார்த்திருந்தோம், இரண்டு தாளிலும் ஒரே முடிவு, அறிக்கையும் போய்விட்டது. மெசினோ அன்றைய குழாய்களிலேயே மிகக் கூடிய அளவைக் காட்டியது. பக்கத்துக் குழாயில் இருந்து ஏதாவது சிந்தியிருக்கும் என்று நினைத்து மறுபடி போட்டேன். அதே அளவு.

லூர்தெஸிடம் போனேன்.

"உன் விளையாட்டுச் சாமான் பழுது," என்றார். ஆனாலும் புதிய அட்டை எடுத்தார். இருவரும் திரும்பப் பார்த்தோம். வழுவழுப்பு. சாம்பல் நிறம். மணல் என்று சந்தேகப்படக்கூட ஒன்றும் இல்லை.

அவர் குழாயைக் கையில் எடுத்து லேபிளைப் பார்த்தார். கர்ப்பிணிகளுக்கான குறி இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"உப்புநீர் கொண்டு வா. ஐதாக்கு."

ஐதாக்குவது என்றால், முதல் வட்டத்தில் அப்படியே, அடுத்ததில் பாதி, அதற்கடுத்ததில் அதிலும் பாதி என்று நீர்விட்டுக்கொண்டே போவது. நோய் இருப்பவர்களுக்கு எவ்வளவு என்று அறியத்தான் அதைச் செய்வோம். இல்லை என்று வந்ததை யார் ஐதாக்குவார்? இல்லாததைப் பாதியாக்கினால் இல்லாததுதானே. ஆனாலும் செய்தேன். அட்டை சுழன்று நின்றது. மூடியைத் திறந்தேன்.

முதல் வட்டம் வழுவழுப்பு. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் விளிம்பு கொஞ்சம் கரடு. நான்காவதில் மணல். ஐந்தாவதில் கரி கட்டி கட்டியாகத் திரண்டு கிடந்தது. ஆறாவதிலும் ஏழாவதிலும் அப்படியே.

ஒரு முடிவும் எழுதாமல் லூர்தெஸிடம் நீட்டினேன். என் முகம் என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. அவருடைய முகத்தைத்தான் பார்த்தேன். அத்தனை காலம் ஒரு மயிர்க்கால் அசையாத முகம். வாய் திறந்தது, மூடவில்லை. கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

விளக்கம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நான் படித்துப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். எதிர்ப்பொருள் அளவுக்கு மீறி இருந்தால், கரித்துகள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக மூடிவிடும். ஒன்றோடொன்று சேர விடாது. திரளாது. வட்டம் சுத்தமாகத் தெரியும். கொஞ்சம் நோய் இருப்பவரின் அட்டை கறுக்கும். நோய் உச்சத்தில் இருப்பவரின் அட்டை, ஒன்றுமே இல்லாதவரின் அட்டை போலவே இருக்கும். அபூர்வம் என்று புத்தகம் சொன்னது. அபூர்வம் என் கையில் இருந்தது.

லூர்தெஸ் ஒரே ஒரு சொல்தான் சொன்னார்.

"எத்தனை?"

அந்த ஒரு பெண்ணைப் பற்றி அல்ல. அவர் வாழ்க்கை முழுக்க, சரியாகப் பார்த்து, சரியாக எழுதி, இல்லை என்று அனுப்பிய வழுவழுப்பான அட்டைகளைப் பற்றி.

அடுத்த நிமிடமே எழுந்துவிட்டார். வேறொரு முறையில் உறுதிசெய்தோம்; நோய்தான். திருத்திய அறிக்கையை அனுப்பினார். அனுப்பினால் போதாது, வைத்தியரோடு பேச வேண்டும் என்றார். கிளினிக் அஜின்கோர்ட் பக்கம், வைத்தியர் தமிழர். பெயரைப் பார்த்துவிட்டு ரிசீவரை என் கையில் தந்தார்.

நான் எழுந்து நின்றுதான் பேசினேன். விசயத்தைச் சொன்னேன்.

"தம்பி எந்த ஊர்?" என்றார் டொக்டர்.

"மன்னார், டொக்டர்."

"நல்லது. உமக்கு ஒண்டு சொல்லுறன், கேளும். அந்தக் குடும்பத்தை எனக்கு ஊரிலை இருந்து தெரியும். மாமன்காரன் பள்ளிக்கூட அதிபரா இருந்தவர். பிள்ளை கலியாணம் கட்டி இஞ்சை வந்து ஒரு வருசம் ஆகேல்லை. இமிக்ரேசன் மெடிக்கலிலை எல்லாம் கிளியர். உது உங்கடை புது மெசின்ரை பிழை. காலமை நீங்கள்தானே இல்லையெண்டு அனுப்பினனீங்கள்?"

"ஓம் டொக்டர், ஆனா..."

"பிள்ளைப்பேறு முடியட்டும். பிறகு ஆறுதலா ஒருக்கா எடுத்துப் பாப்பம். இப்ப போய் உதைச் சொல்லிக் குடும்பத்தைக் குழப்பேலாது. விளங்குதோ?"

"ஓம் டொக்டர்" என்பது என் வாய்வரை வந்துவிட்டது. அப்படித்தான் நான் வளர்ந்தேன். ஆனால் படிவத்தின்படி அந்தப் பெண் ஏழு மாதக் கர்ப்பிணி. பேறு முடிந்து பார்ப்பதென்றால், அந்தக் கிருமியை அதுவரை வயிற்றுக்குள் பிள்ளையோடு விட்டுவைப்பது. பிள்ளை செத்துப் பிறக்கலாம். உயிரோடு பிறந்தாலும் எலும்பும் காதும் கண்ணும் பழுதாகலாம். எதிரே லூர்தெஸ் நின்றார். தமிழ் அவருக்கு ஒரு சொல்லும் தெரியாது. என் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

"டொக்டர், நான் குடும்பத்தைப் பாக்கேல்லை. இரத்தத்தைத்தான் பாத்தனான்."

அட்டையைக் கிட்ட இழுத்து வைத்துக்கொண்டேன்.

"மெசின் மட்டும் இல்லை, டொக்டர். கார்ட்டும் சொல்லுது. தண்ணி விட்டு விட்டுப் பாத்தா ஏழாவது வட்டத்திலையும் திரளுது. அவ்வளவு கூட இருந்ததாலைதான் காலமை தெரியேல்லை. இப்பத்தைய தொற்று. உடம்பிலை ஏதும் தெரிஞ்சிருக்கோணும்."

மறுபக்கத்தில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"உள்ளங்கை," என்றார் டொக்டர். வேறு யாரோ பேசுவது போல இருந்தது. "ரெண்டு உள்ளங்கையும் சிவப்புச் சிவப்பா இருந்தது. கோப்பை கழுவிற சோப் ஒத்துக்கொள்ளேல்லையாம் எண்டாள். நான் கிறீம் எழுதிக் குடுத்தனான். இந்த இரத்தம்கூட நான் கேக்கேல்லைத் தம்பி. புது நேர்ஸ் ஒருத்தி, கண்டபாட்டுக்கு எல்லாத்தையும் குறிச்சு அனுப்பினவள். அதுக்கு நான் ஏசினனான்."

உள்ளங்கைச் சிவப்பு இந்த நோயின் அடையாளம். புதிய நேர்ஸ் ஏச்சுக்குப் பயந்திருந்தால் அந்தக் குழாயே எங்களிடம் வந்திராது.

"அவளுக்குச் சொல்லலாம்," என்றார் பிறகு. "அவள் ஊரிலை இருந்து சுத்தமா வந்தவள். அப்ப புருசன்காரனுக்கு ஆர் சொல்லுறது? அந்த அதிபருக்கு, அவன்ரை தேப்பனுக்கு, ஆர் சொல்லுறது?"

"அவருக்குப் பப்ளிக் ஹெல்த்காரர் சொல்லுவினம், டொக்டர். தேப்பனுக்கு ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை. அவவுக்கு ஊசி மட்டும் இண்டைக்கே போடுங்கோ."

"இண்டைக்கே," என்றார். ஒரு டொக்டர் என் சொல்லைத் திருப்பிச் சொன்னது அதுதான் முதல் தடவை. ரிசீவரை வைத்தேன். லூர்தெஸ் கேட்டார்: "என்ன சொன்னார்?" "சோப்" என்றேன். அவர் புரியாமல் பார்த்தார். நான் முழுவதையும் சொன்னபோது, வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

அந்தப் பெண்ணை நான் கண்டதில்லை. ஆய்வுகூடத்தில் இருப்பவனுக்குக் கதையின் மிச்சம் குழாய்களில்தான் வரும். ஊசிக்குப் பிறகு தாயின் குழாய்கள் வந்தன. பிறகு ஒருநாள் சின்னக் குழாய் ஒன்று வந்தது, பெயருக்குப் பதிலாகத் தாயின் பெயரோடு 'பேபி' என்று போட்டு. பிள்ளை உயிரோடு பிறந்துவிட்டது என்று அப்படித்தான் அறிந்தோம்.

புதியவர்கள் கவனிக்க வேண்டியது இங்கேதான். பிள்ளையின் இரத்தத்தைப் புதிய மெசினில் போட்டால் 'ஆம்' என்றது. அது சொல்லத்தான் வேண்டும். தாயின் எதிர்ப்பொருள் தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போயிருக்கும். பிள்ளைக்கு நோயா, இல்லை தாயிடம் இருந்து வந்த வெறும் எதிர்ப்பொருளா என்று மெசினுக்குத் தெரியாது. தாயையே எடுத்தாலும், முற்றாகக் குணமான பிறகும் பெரும்பாலும் ஆயுள் முழுக்க 'ஆம்' என்றுதான் சொல்லும். எவ்வளவு, கூடுகிறதா குறைகிறதா என்பதைப் பார்க்க அட்டைதான் வேண்டும். வெறும் தாய்ச்சொத்து என்றால், பிள்ளையின் அளவு தாயின் அளவைப் பெரிதாகத் தாண்டாது. மாதம் போகப் போகக் குறையும். அன்று எங்களை ஏமாற்றிய அதே அட்டையைத்தான் அந்தப் பிள்ளைக்காகத் திரும்பவும் கையில் எடுத்தோம்.

குறைந்தது. ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு வட்டம், இரண்டு வட்டம் என்று கரி பின்வாங்கியது. கடைசியாக வந்த குழாயில் முதல் வட்டமே வழுவழுப்பு. எழுதிக் கவிழ்த்தோம், திருப்பினோம், இரண்டிலும் 'இல்லை'. நான் அட்டையை எறியப் போனேன்.

"பொறு. ஐதாக்கு," என்றார் லூர்தெஸ்.

அன்றில் இருந்து அவர் எந்த வழுவழுப்பையும் நம்பியதில்லை. ஐதாக்கினோம். கடைசி வட்டம்வரை கஞ்சி போலச் சாம்பல். அவர் சிரித்தார், சத்தமாக, பல் தெரிய. "முகம்!" என்றேன். "வாயை மூடு," என்றார்.

லூர்தெஸ் பிறகு ஓய்வு பெற்றுப் போனார். மெசின் முதலிடத்துக்கு வந்தது. நானும் நிம்மதியாகிவிட்டேன். இனி 'பேபி' என்று போட்ட குழாயை இந்த மேசையில் காண வேண்டி வராது என்று நம்பினேன், அபிஷாவுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

நான் வேலையை விட்டதற்குச் சற்று முன் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்து இரண்டு குழாய்கள் ஒன்றாக வந்தன. தாயும் பிள்ளையும். தாயிடம் இங்கே இலவச வைத்தியத்துக்கு வேண்டிய ஹெல்த் கார்ட் இல்லை. ஆஸ்பத்திரி கொடுத்த தற்காலிக இலக்கம்தான் இருந்தது. மெசின் இருவருக்கும் 'ஆம்' என்றது. இருவருக்கும் அட்டை போட்டோம். தாயின் கரி ஐந்தாவது வட்டத்தோடு நின்றது. பிள்ளையின் அட்டையை எடுத்து விளக்கின் கீழ் சாய்த்தேன். ஏழாவது வட்டத்தில் கறுப்பு மணல். இரண்டு வட்டம் கூட என்றால் தாயைவிட நாலு மடங்கு. அப்படியென்றால் அது தாய் கொடுத்தது இல்லை.

அந்த நாட்களில் என் வலது கண்ணில் கரும்புள்ளிகள் பறக்கத் தொடங்கியிருந்தன. எவருக்கும் சொல்லாமல் இருந்தேன். இப்போது இந்த மணலும் அந்தப் புள்ளிகளாகவே இருக்கட்டும் என்று நினைத்தேன். கண்ணில் இருப்பது கண்ணோடு சேர்ந்து ஓடும். ஆகவே கண்ணை இடப்பக்கம் திருப்பினேன், வலப்பக்கம் திருப்பினேன். சில புள்ளிகள் என்னோடு ஓடின. மற்றவை அட்டையிலேயே இருந்தன.

ஏழு என்று எழுதித் தாளைக் கவிழ்த்தேன். அட்டையை அபிஷாவிடம் கொடுத்தேன். பிறகு, இந்த மேசையில் யாரும் செய்யக்கூடாததைச் செய்தேன்: அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பழகிய முகம், ஒன்றும் காட்டாது என்று நினைத்தேன். அவள் சாய்த்தாள், திருப்பினாள், மறுபடி சாய்த்தாள். உதடு வெளுத்தது.

அவளும் எழுதினாள். இரண்டு தாளையும் திருப்பினோம். ஏழு, ஏழு.

"அண்ணா, அம்மான்ரை பழைய டெஸ்ற் எங்கை? ஆரோ மிஸ் பண்ணியிருக்கினம். பிள்ளை வயித்திலை இருக்கேக்கை பிறீனேற்றல் டெஸ்ற் எடுத்திருப்பினம்தானே? கார்ட் ஏமாத்தியிருந்தாலும் இப்ப மெசின்தானே முதல் பாக்கிறது, அது பிடிச்சிருக்கும்தானே?"

அவள் தேடினாள். நானும் தேடினேன். எங்களிடமும் இல்லை, வேறு எங்கேயும் இல்லை.

"ஒருத்தரும் மிஸ் பண்ணேல்லை, அபிஷா," என்றேன். "ஒருத்தரும் அவவிட்டை இரத்தம் எடுக்கேல்லை."

அவள் திரும்பி மெசினைப் பார்த்தாள். அது எங்களுக்குப் பின்னால் பச்சை விளக்கு எரிய, அடுத்த குழாய்க்காகக் காத்துக்கொண்டிருந்தது. நான் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்தேன். குழந்தைகள் பிரிவில் ஒரு டொக்டர் பேசினார். இந்தமுறை நான் உட்கார்ந்துதான் சொன்னேன். எழும்ப முடியவில்லை.